'கொட்டி'யில் கொட்டிய தாளம்

எங்கள் பெர்லின் வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். கிழட்டு நாய். அதன் எஜமானியம்மாளுக்கும் எழுபத்தைந்துக்குக் குறையாது. காலையில் இருவரும் வாசலில் வெயில் காய்வார்கள். நான் சைக்கிளில் கிளம்பும்போது நாயார் இம்மியும் நகர மாட்டார். நான்தான் ஓர் அரைவட்டம் அடித்துப் போகவேண்டும்.

ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். ஒரு வார்த்தை பேசாமல் போவது தமிழனுக்கு அழகா? அப்போது நான் ஜெர்மன் கற்க ஆரம்பித்து மூன்று மாதம். ராத்திரி உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை நெட்டுரு போட்டேன். 'அம்மா, தினமும் உங்கள் நாயைச் சுற்றிக்கொண்டுதான் நான் போகவேண்டியிருக்கிறது.' இப்படிச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஜெர்மனில் 'உம்ஃபாரன்' என்று ஒரு சொல். இலக்கணம் சரி. வார்த்தை சரி. மறுநாள் காலை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒப்பித்தேன்.

அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. (ஏற்கெனவே வெளுப்புதான். இது வேறு வெளுப்பு.) நாயை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் என் ஆறரை வயது மகளிடம் இதைச் சொன்னபோது சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தாள்.

"ஐயோ அப்பா! நீ 'உம்'முல அழுத்திட்டே. அப்படிச் சொன்னா வண்டிய மேல ஏத்திக் கவுக்கறதுன்னு அர்த்தம். 'ஃபா'வுல அழுத்தணும். அப்பதான் சுத்திட்டுப் போறது."

ஆக, நான் அந்த அம்மாளிடம் சிரித்த முகத்தோடு சொன்னது இதுதான்: 'அம்மா, தினமும் உங்கள் நாய் மேல் நான் வண்டியை ஏற்றவேண்டியிருக்கிறது.'

ஒரே சொல். ஒரே எழுத்து. எந்த இடத்தில் தட்டுகிறோம் என்பதில் ஒரு நாயின் உயிர்!

* * *

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் பி.காம். படித்தவன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். மனைவிக்கு பெர்லினில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. மகளை அழைத்துக்கொண்டு அவள் முன்னால் போய்விட்டாள். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் ஊரில் தங்கினேன். இரண்டு வருஷம். அப்பா காலமான பிறகு பெட்டியைக் கட்டினேன்.

வந்து பார்த்தால் என் பெண் கனவில்கூட ஜெர்மனில் உளறுகிறாள்! என்னிடம் தமிழில்தான் பேசுவாள். ஆனால் சிரிப்பு, கோபம், ரகசியம் எல்லாம் ஜெர்மனில். வீட்டுக்குள் ஒரு கதவு இருக்கிறது, சாவி என்னிடம் இல்லை. அதனால்தான் முப்பத்தேழு வயதில் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

நாய் சம்பவத்துக்கு மறுவாரம் ஸ்கூல் கேட்டில் அவளுடைய சிநேகிதியின் அம்மாவிடம் ஏதோ சொன்னேன். அந்த அம்மாள் மூன்று தடவை "என்ன?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். திரும்பி நடக்கும்போது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா... என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி ஜெர்மன் பேசாதே. ப்ளீஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

* * *

சிக்கல் எங்கே என்று யோசித்தேன். நம் காது எதைக் கணக்குப் பண்ணுகிறது? நீளத்தை. பல் வேறு, பால் வேறு. கல் வேறு, கால் வேறு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் அன்றைக்கே பேரேடு எழுதி வைத்துவிட்டார். மாத்திரை என்றால் ஒரு தடவை கண் இமைக்கிற நேரம், அல்லது ஒரு விரல் சொடுக்கு என்று அளவும் கொடுத்தார். எந்த அசைக்கும் அதன் பங்கு நேரம் கிடைத்துவிடும். கூட்டுறவு ரேஷன் கடை மாதிரி.

ஜெர்மன் அப்படி இல்லை. அங்கே ஒரு வார்த்தையில் ஒரு அசை முதலாளி. மற்றவை குமாஸ்தாக்கள். முதலாளி நிமிர்ந்து உட்காருவார், குமாஸ்தாக்கள் ஒடுங்கி நிற்பார்கள். இங்கிலீஷும் இதே ஜாதிதான். 'ரெக்கார்ட்' என்பதை முன்னால் அழுத்தினால் பதிவேடு. பின்னால் அழுத்தினால் பதிவு செய்வது. நம் ஆபீஸ்களில் யார் இதைப் பார்க்கிறார்கள்? எல்லா அசைக்கும் சம சம்பளம் கொடுத்துப் பேசுகிறோம். வெளிநாட்டு கிளையண்ட் போனில் "பார்டன்?" என்று கேட்டால், நம் இலக்கணம் தப்பு என்று நினைத்து வெட்கப்படுகிறோம். இலக்கணத்தில் தப்பில்லை ஸார், தாளம் தப்புகிறது!

இதை எனக்குப் புரியவைத்தது வகுப்பு அல்ல. ஒரு டீக்கடை.

* * *

பெர்லினில் யூ-1 என்று ஒரு ரயில். பெயருக்குச் சுரங்க ரயில். ஆனால் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் பூமிக்கு மேலே, இரும்புத் தூண்கள் மேல் மாடியில் ஓடும். இரண்டாவது மாடிக்காரன் காப்பி குடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அதில் 'கொட்புஸர் டோர்' என்று ஒரு ஸ்டேஷன். 'டோர்' என்றால் வாயில். கொட்புஸ் என்கிற ஊருக்குப் போகும் பாதையில் பழைய நகரத்தின் வாயில் அங்கே இருந்தது. இப்போது வாயில் இல்லை, பெயர் மட்டும். ஊர்க்காரர்கள் செல்லமாக அந்த இடத்தை 'கொட்டி' என்கிறார்கள்.

முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன். மேளம் கொட்டி, தாளம் கொட்டி... நம் ஊர் ஆள் யாரோ பெயர் வைத்த மாதிரி!

இறங்கினால் ஜெர்மனியா, துருக்கியா என்று சந்தேகம் வரும். ரவுண்டானாவைச் சுற்றிக் கபாப் கடை, பழக்கடை, நகைக்கடை, டிராவல்ஸ் ஆபீஸ். போர்டெல்லாம் துருக்கி மொழி. காரணம், வரலாறு. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. கிழக்கிலிருந்து மேற்கு பெர்லினுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் நின்றுபோனார்கள். அதே வருஷம் அக்டோபர் 30-ம் தேதி மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டது. 1973 நவம்பரில் ஆள் எடுப்பதை நிறுத்தும்வரை லட்சக்கணக்கில் வந்தார்கள். 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர். விருந்தாளி என்றால் திரும்பிப் போய்விடுவார் என்ற நம்பிக்கை! சுவரை ஒட்டிக் கிடந்த க்ராய்ட்ஸ்பெர்க்கில் வீடுகள் பழசு, வாடகை மலிவு. அங்கே தங்கினார்கள். 1989-ல் சுவர் போய்விட்டது. விருந்தாளிகள் இருக்கிறார்கள், பேரன் பேத்தியோடு.

கொட்டியிலிருந்து பாலம் தாண்டினால் கால்வாய்க் கரையில் மாய்பாக்உஃபர் சந்தை. செவ்வாய், வெள்ளி கூடும். கத்தரிக்காய், புதினா, ஆலிவ், துணி... தக்காளிக்காரர் துருக்கியில் ஒரு விலை கூவி, மூச்சு விடாமல் அதையே ஜெர்மனில் கூவுவார். விலை ஒன்றுதான். கூவல் வேறு. துருக்கியில் கூவும்போது குரல் கடைசியில் எகிறும். ஜெர்மனில் முதலிலேயே இடித்துவிட்டு அடங்கும். நான் முதலில் இதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அம்ஜா.

'அம்ஜா' என்றால் துருக்கியில் சித்தப்பா, பெரியப்பா. வயதில் பெரியவர் யாரையும் அப்படிக் கூப்பிடலாம். பையன் நடத்தும் டீக்கடையில் மூலை நாற்காலி அவருடையது. 1970-ல் பத்தொன்பது வயதில் எடிர்னே பக்கமிருந்து வந்து, ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இடுப்பு ஒடுங்கிய கண்ணாடி கிளாஸில் பால் இல்லாத டீ. நான் டீயை ஆறவிட்டு 'உம்ஃபாரன், உம்ஃபாரன்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, மந்திரமா?" என்றார். (ஜெர்மனில்தான். நான் தமிழாக்கித் தருகிறேன்.)

நாய்க் கதையைச் சொன்னேன். தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நாங்க வந்தப்ப எங்களுக்கும் இதே கோளாறு. எங்க பாஷைல பெரும்பாலும் கடைசி அசைலதான் அழுத்தம். 'அர்க-தாஷ்'... சிநேகிதன்னு அர்த்தம். 'தாஷ்'ல நிக்கும். அதே பழக்கத்துல ஜெர்மன் பேசுவோம். ஃபோர்மேன் முழிப்பான்."

"அப்புறம் எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

"மெஷின் சொல்லிக் குடுத்துது. அந்த இரைச்சல்ல ஃபோர்மேன் என்ன வார்த்தை கத்தறான்னே காதுல விழாது. எங்க இடிக்கிறான்னு மட்டும் கேக்கும். அத வெச்சே, 'பெட்டியத் தூக்கு'ங்கிறானா, 'வண்டிய நிறுத்து'ங்கிறானான்னு பிடிப்போம். மொதல்ல இடி வந்துச்சு. வார்த்தை அப்புறம் வந்துச்சு."

அப்போது கடை ரேடியோவில் ஒரு பாட்டு. கிளாரினெட்டும் மேளமுமாகக் குதியாட்டம். அம்ஜாவின் கைகள் தானாக முழங்காலுக்குப் போயின. வலது முழங்காலில் 'தும்'. இடது முழங்காலில் 'தெக்'. அவர்கள் ஊரில் தாளத்தை இப்படித்தான் முழங்காலில் போட்டுக் கற்கிறார்கள். தாளத்துக்கு 'உசூல்' என்று பெயர்.

நானும் மேஜையில் தட்டினேன். இடறியது. மறுபடி தட்டினேன். மறுபடி இடறல். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது! இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. அட, இது நம்ம ஊர் சமாசாரம் ஆச்சே!

"தக... தக... தக... தகிட!"

அம்ஜா நிமிர்ந்தார். "இன்னொரு தரம் சொல்லு!"

சொன்னேன். அவர் முழங்காலில் தட்ட, நான் சொல்ல, கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சங்கீத ஞானம் பூஜ்யம். கோயில் திருவிழாவில் தவில்காரர் பக்கத்தில் நின்று சுண்டல் சாப்பிட்டதுதான் அனுபவம். ஆனால் கர்நாடக சங்கீதத்தில் மூன்று, நாலு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஐந்து ஜாதி லகு உண்டு. ஒன்பதுக்கு சங்கீர்ணம் என்று பெயர். இந்தத் துருக்கி ஒன்பதை 1958-ல் இஸ்தான்புல் தெருவில் கேட்டு மலைத்துப்போன அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக், 1959-ல் அதை வைத்து ஒரு மெட்டே அமைத்து உலகப் புகழ் பெற்றார்.

அம்ஜாவின் பேரனும் அவன் ஜெர்மன் சிநேகிதனும் ஸ்கூல் பையோடு உள்ளே வந்தார்கள். தாத்தா இருவரையும் தட்டச் சொன்னார். பேரன் பிறந்ததே பெர்லினில். டீ டம்ளரில் ஸ்பூனால் அசால்ட்டாகத் தட்டினான். சிநேகிதன் ஒவ்வொரு சுற்றிலும் எட்டிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு அந்த ஒன்பதாவது தட்டு, பஸ் போனபிறகு ஓடிவரும் பிரயாணி மாதிரி!

"இவன் வீட்ல துருக்கி, ஸ்கூல்ல ஜெர்மன்" என்றார் அம்ஜா பேரனைக் காட்டி. "ரெண்டு நடையும் காதுல இருக்கு. அதான்."

பேரன் பெருமை பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

* * *

அன்று ராத்திரி தேடிப் படித்தால், தாத்தா சொன்னதையே விஞ்ஞானிகளும் சொல்லியிருக்கிறார்கள்!

2013-ல் வெளியான ஓர் ஆய்வு. மூன்று கோஷ்டிகளை உட்காரவைத்தார்கள். சின்ன வயதிலேயே ஜெர்மன் கற்ற துருக்கியர், பின்னாளில் ஜெர்மன் கற்ற துருக்கியர், பின்னாளில் இங்கிலீஷ் கற்ற ஜெர்மானியர். இரண்டிரண்டு தாளத் துணுக்குகளைக் கேட்கவைத்து, 'இரண்டும் ஒன்றா, வேறா?' என்று கேள்வி. துருக்கிக் கோஷ்டிகள் இரண்டுமே ஜெர்மானியரைவிட நன்றாகச் செய்தன. மூன்று கோஷ்டிக்கும் ஆளுக்கு இரண்டு பாஷை தெரியும். வித்தியாசம் என்ன? ஜெர்மனும் இங்கிலீஷும் ஒரே நடை. துருக்கியும் ஜெர்மனும் வேறு வேறு நடை. இரண்டு நடையில் பழகிய காது, பாட்டிலும் நுணுக்கம் பிடிக்கிறது என்பது அவர்கள் முடிவு.

நான் இரண்டு தடவை படித்த இடம் இது: பின்னாளில் கற்றவர்களும் ஜெயித்திருக்கிறார்கள். முப்பத்தேழு வயதுக்காரனுக்கு இது எப்பேர்ப்பட்ட டானிக் என்று யோசித்துப் பாருங்கள்!

ஒரே ஆய்வை நம்பிக் கோயில் கட்டக் கூடாதுதான். பாஷை தாளத்தைக் கூர்மையாக்கியதா, தாளக் காது இருப்பவர்கள் பாஷையை நன்றாகக் கற்றார்களா என்று ஒரு ஆடிட்டர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அந்தத் துருக்கியர் வீட்டில் ஒன்பது தட்டுப் பாட்டுக் கேட்டே வளர்ந்திருக்கலாமே என்றும் கேட்கலாம். ஆனால் வேறு திசையிலிருந்தும் சாட்சி வருகிறது. 2003-ல் வந்த ஓர் ஆய்வு இங்கிலாந்து, பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர்களின் மெட்டுகளை அளந்து பார்த்தது. இங்கிலீஷ் பேச்சில் அடுத்தடுத்த உயிரொலிகளின் நீளம் பிரெஞ்சைவிட ஏறி இறங்கும். அந்த நாட்டு மெட்டுகளிலும் ஸ்வரங்களின் நீளம் அப்படியே! தாய்மொழி, பியானோ வரைக்கும் கூடவே வருகிறது.

2005-ல் குழந்தைகளை வைத்து ஒரு பரீட்சை. பால்கன் நாட்டுக் கோணல் தாளப் பாட்டுகளில் தாளம் தப்பினால், வட அமெரிக்கப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. ஆறு மாதக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. ஒரு வயதுக்குள் அவர்களும் பெரியவர்களைப் போல ஆகிவிட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை வீட்டில் இரண்டு வாரம் கேட்கவைத்ததும் ஒரு வயதுக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அதே அளவு கேட்டும் வரவில்லை.

அதாவது பிறக்கும்போது எல்லாத் தாளத்துக்கும் கணக்குத் திறந்திருக்கிறது. பிறகு நாம் பயன்படுத்தாத கணக்கையெல்லாம் மூளை மூடிவிடுகிறது. குழந்தைக்குக் கேட்டாலே மறுபடி திறக்கும். நம்மைப் போன்றவர்களுக்குக் கேட்டால் மட்டும் போதாது. வாயும் கையும் வலிக்க உழைக்கவேண்டும்.

* * *

உழைத்தேன். வார்த்தைப் பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். யூ-1 ரயிலில் கதவு மூடுமுன் ஓர் அறிவிப்பு வரும். 'ஸுரூக்பிளைபன், பிட்டெ.' தள்ளி நில்லுங்கள் என்று அர்த்தம். என் காதில் அதுவரை அது ஆறு அசை. எல்லாம் ஒரே உயரம். தட்டிப் பார்த்தபோது 'ரூக்'கில் ஒரு மலை, 'பிட்'டில் ஒரு மேடு. மற்றதெல்லாம் சமவெளி. ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்கள் என் தொடையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர்கள் நாய்க்கு ஆபத்தில்லை.

மகள் முதலில் வினோதமாகப் பார்த்தாள். அப்புறம் விளையாட்டாகிவிட்டது. அவள் ஒரு ஜெர்மன் வார்த்தை சொல்வாள். அழுத்தம் வரும் இடத்தில் நான் கை தட்டவேண்டும். தப்பாகத் தட்டினால் "ஃபால்ஷ்!" என்று கத்துவாள். பதிலுக்கு நான் 'தக தக தக தகிட' சொல்வேன், அவள் தட்டவேண்டும். முதல் வாரம் அவளும் எட்டில் நின்றாள். இரண்டாம் வாரம் ஒன்பதைப் பிடித்துவிட்டாள். தாத்தா ஊர்த் திருவிழாவில் தவில் எப்படி இருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். தமிழில் கேட்டாள், தமிழில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

சமையலறையிலிருந்து மனைவி, "ஏங்க, கீழ் வீட்டுக்காரன் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறான். தாளத்தை மெதுவாப் போடுங்க" என்றாள்.

ஒரு நாள் காலை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாசல் அம்மாளிடம் போனேன். சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டேன், சமாதானக் கொடி மாதிரி. 'உம்'மைப் பூனை நடையாகத் தாண்டி, 'ஃபா'வில் ஒரு போடு போட்டேன். உம்-ஃபா-ரன்.

அம்மாள் ஒரு வினாடி பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அப்பாடா! இவனுக்கும் நிம்மதி" என்று நாயைத் தட்டிக் கொடுத்தார். நாயார் வழக்கம்போல் நகரவில்லை.

போன மாதம் ஸ்கூலில் பெற்றோர் சந்திப்பு. மனைவிக்கு ஆபீஸ் மீட்டிங். நான்தான் போகவேண்டும். கேட் வந்ததும், "அங்க இங்கிலீஷ்ல பேசிடட்டுமா?" என்று மகளைக் கேட்டேன். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"ஜெர்மன்லயே பேசு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

டீச்சர் எதிரே குட்டி நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் என் உள்ளங்கையை ஒரு சின்னக் கை பிடித்துத் திருப்பியது. நான் பேசப் பேச, எங்கே அழுத்தவேண்டுமோ அங்கேயெல்லாம் ஒரு விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டு இடத்தில் தப்பினேன். டீச்சர் இங்கிலீஷுக்கு மாறவில்லை.